சர்வர் பரிபாலகர்களின் சரித்திரம்

கணிப்பொறியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அதை ஆக்கியோரின் சரித்திரமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக்கியோர் தம் காரியத்தை முடித்துக்கொண்டு அடுத்த காரியத்துக்குப் போய்விட்ட பிறகு, அந்த யந்திரத்தையும் அதில் குடிகொண்ட இயக்க முறைமையையும் இரவு பகலாகக் காத்து, புதிய பதிப்பு வந்தபோது அதற்கு மாற்றி, புதிய அட்டை செருகப்பட்டபோது அதை இயக்கும் நிரலான டிரைவரைத் தேடிப் பிடித்து, உரிமத்தின் நிபந்தனைகளுக்குப் பங்கம் வராமல் கணக்கு வைத்து வந்த சர்வர் பரிபாலகர்களைப் பற்றிய அத்தியாயம் அந்நூல்களில் அநேகமாக இல்லை. பதிப்பு மாற்றம், டிரைவர், உரிமம் என்னும் இம்மூன்றும் இத்தொழிலின் நித்தியத் தொல்லைகள். இவை வெவ்வேறு தொல்லைகள்போல் தோன்றினாலும் ஒரே காரணத்தில் பிறந்தவை என்பது என் அபிப்பிராயம். யந்திரத்தைச் செய்பவர் ஒருவர், அதில் செருகும் சாதனத்தைச் செய்பவர் வேறொருவர், இரண்டையும் இயக்கும் முறைமையை எழுதுபவர் மூன்றாமவர் என்று பொறுப்பு பிரிந்துபோனதே அந்தக் காரணம். அப்பிரிவினை நிகழ்ந்த விதத்தைச் சொன்னால் இத்தொழில் பிறந்த விதத்தையும் சொன்னதாகும்.

1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் யந்திரக் குடும்பத்தை அறிவித்தபோது இந்தப் பிரிவினை இன்னும் ஏற்படவில்லை. யந்திரமும், அதன் தட்டுகளும், நாடாக்களும், அச்சு யந்திரமும், இயக்க முறைமையும் ஒரே இடத்திலிருந்து வந்தன. மென்பொருளுக்கென்று தனி விலை கிடையாது. பழுது வந்தால் நிறுவனத்தின் பொறியாளர் வருவார். குற்றம் யந்திரத்திலா, அதில் எழுதப்பட்ட கட்டளைகளிலா என்ற விவகாரம் அந்நிறுவனத்தின் நான்கு சுவர்களுக்குள்ளேயே தீர்ந்துவிடும். ஆயினும் அக்காலத்திலேயே பரிபாலகருக்கு ஒரு பெருங்காரியம் இருக்கத்தான் செய்தது. எந்தெந்தச் சாதனம் எந்தெந்த முகவரியில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதைத் துளையட்டைகளில் விவரித்துக் கொடுத்து, அந்த ஒரு நிலையத்துக்கென்றே இயக்க முறைமையை ஆதியோடந்தமாகத் தொகுத்தெடுக்க வேண்டும்; 'சிஸ்ஜென்' என்று வழங்கிய அந்தச் சடங்கு பல மணி நேரம் பிடிக்கும்; பிற்பாடு புதுவகைத் தட்டு ஒன்று வந்து சேர்ந்தால் மீண்டும் செய்ய வேண்டிவரும். டிரைவர் என்ற தனிப்பொருள் பரிபாலகரின் கைக்கு வந்திராத காலத்திலும் டிரைவரின் தொல்லை இவ்வாறு இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் நிறுவப்பெற்ற ஐ.பி.எம். 370/155 இந்தப் பரம்பரையைச் சேர்ந்த யந்திரமே.

பிரிவினைக்கு ஆரம்பம் 1969. அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை ஐ.பி.எம். மீது ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. ஜூன் 23-ஆம் தேதி அந்நிறுவனம் தன் மென்பொருள்களில் ஒரு பகுதியையும் பயிற்சியையும் பொறியாளர் சேவையையும் யந்திரத்தின் விலையிலிருந்து பிரித்துத் தனித்தனியே விலை கூறப்போவதாக அறிவித்தது. இயக்க முறைமையின் அடிப்படைப் பகுதி அப்போதும் யந்திரத்தோடு இலவசமாகவே வந்ததென்றாலும், மென்பொருள் என்பது விலையும் நிபந்தனையும் உள்ள தனிச்சரக்கு என்ற கொள்கை அன்று ஸ்தாபிதமாகிவிட்டது. கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்த பின் அவரவர் அறைகளைப் பற்றித் தகராறு எழுவதில்லை, பொதுக் கிணற்றையும் பொதுச் சுவரையும் பற்றியே எழுகிறது என்பதைப் போல, கணிப்பொறி உலகிலும் அன்றுமுதல் தகராறுகள் யாவும் ஒருவர் பொறுப்பு முடிந்து மற்றவர் பொறுப்பு தொடங்கும் எல்லைகளிலேயே எழலாயின. அந்த எல்லையில் நிற்க ஒரு மனிதர் தேவைப்பட்டார். சர்வர் பரிபாலகர் அவரே.

இந்த எல்லைத் தகராறுகளில் மிகவும் பிரசித்தி பெற்றது ஓர் அச்சு யந்திரத்தைப் பற்றியது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் இருந்த பழைய அச்சு யந்திரத்தின் மென்பொருளை அங்கு நிரல் எழுதிவந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் திருத்தி, காகிதம் சிக்கிக்கொண்டால் அச்சுக்குக் கொடுத்தவர்களின் திரையில் செய்தி வரும்படி செய்து வைத்திருந்தார். 1980-ஐ ஒட்டி ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சு யந்திரம் வந்தபோது, அதை இயக்கும் நிரலின் மூல வடிவம் அதனோடு வரவில்லை. மூலத்தை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தார் ஒருவரிடம் கேட்டபோது, வெளியிடுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். சாதனத்தை இயக்கும் நிரல் பற்றிய இந்தச் சிறு தொல்லையே, 1983 செப்டம்பரில், மூலத்தை யாவரும் காணவும் திருத்தவும் விடும் குனு திட்டமாகவும், 1989-இல் பொது உரிமம் என்னும் சட்ட ஆவணமாகவும் வளர்ந்தது. டிரைவரின் தொல்லையும் உரிமத்தின் தொல்லையும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் சரித்திரத்தில் கிடைப்பதரிது.

யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் கதையும் இதற்கு அண்டையிலேயே இருக்கிறது. 1956-இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி தொலைபேசித் தொழிலுக்குப் புறம்பான வியாபாரத்தில் இறங்க இயலாதிருந்த ஏ.டி.&டி. நிறுவனம், தன் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் ஆக்கிய அம்முறைமையைப் பல்கலைக்கழகங்களுக்கு அற்பக் கட்டணத்தில் மூலத்தோடு கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் அதன் ஆறாம் பதிப்புக்கு வரிக்கு வரி வியாக்கியானம் எழுதி மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். ஏழாம் பதிப்பு 1979-இல் வந்தபோது, மூலத்தை வகுப்பில் பாடமாக வைக்கலாகாது என்ற நிபந்தனையும் உரிமத்தோடு வந்தது. மாணவர்கள் அந்த வியாக்கியானத்தை ஒளிநகல் எடுத்துக் கைமாற்றிக்கொண்டே பல ஆண்டுகள் படித்தார்கள். 1996-இல்தான் அது முறையாக அச்சேறியது.

அலுவலகங்களின் சர்வர் அறைக்கு வருவோம். எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கோப்புகளையும் அச்சு யந்திரத்தையும் பகிர்ந்துகொள்ளும் சர்வர் என்றால் பெரும்பாலும் நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் என்றே பொருள். அதன் உரிமம் 5 பேர், 10 பேர், 100 பேர் என்று பயனர் எண்ணிக்கைக்குத் தக்கபடி விற்கப்பட்டது. ஒரே வரிசை எண் கொண்ட இரு பிரதிகள் ஒரே வலையில் இயங்கினால் அவ்விரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டு, உரிம மீறல் என்று வலை முழுதும் அறிவித்துவிடும். தட்டுக்கு ஒருவகை டிரைவரும், வலையட்டைக்கு மற்றொரு வகை டிரைவருமாக, எது இல்லாவிட்டாலும் சர்வர் எழுந்து நின்றும் பயனில்லாமல் போகும்.

இத்துறையின் அடுத்த முப்பதாண்டுச் சரித்திரம் பெரும்பாலும் விண்டோஸ் என்.டி. என்னும் முறைமையின் சரித்திரமே. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வி.எம்.எஸ். முறைமையை ஆக்கியவர்களில் தலைவரான டேவிட் கட்லர், தாம் நடத்திவந்த பிரிஸம் திட்டத்தை நிறுவனம் கைவிட்ட பின், 1988 அக்டோபரில் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு வந்து தொடங்கிய வேலை, 1993 ஜூலை 27-ஆம் தேதி என்.டி. 3.1 என்ற பெயரில் வெளிவந்தது. ஒரே முறைமை வெவ்வேறு செயலிகளில் இயங்கவேண்டும் என்பதற்காக, யந்திரத்துக்கும் முறைமையின் உட்கருவான கர்னலுக்கும் இடையே ஒரு மெல்லிய அடுக்கை அவர்கள் வகுத்தார்கள். ஆனால் செயலியின் வேற்றுமையை மறைப்பது எளிது; சந்தையில் நூற்றுக்கணக்கான தயாரிப்பாளர்கள் விற்கும் அட்டைகளின் வேற்றுமையை மறைப்பது எளிதன்று. ஆகவே எந்தெந்தச் சாதனங்களோடு இம்முறைமை சோதிக்கப்பட்டது என்பதைக் கூறும் பொருத்தப் பட்டியல் ஒன்று கூடவே வெளியிடப்பட்டது. பட்டியலில் உள்ள சாதனத்தை வாங்கினால் கேள்வி கேட்கலாம், இல்லாததை வாங்கினால் பொறுப்பு வாங்கியவரையே சேரும் என்ற தர்மம் அதனால் நிலைநாட்டப்பட்டது. வாங்கும் அதிகாரமோ பெரும்பாலும் பரிபாலகரிடம் இருந்ததில்லை. விலை குறைவென்று வலையட்டையை வாங்கி அனுப்பியவர் ஒருவர், அதோடு வந்த பிளாப்பியில் என்.டி.க்குரிய டிரைவர் இல்லை என்பதைக் கண்டு தவித்தவர் மற்றொருவர்.

1996-இல் வந்த என்.டி. 4.0 இத்தொழிலின் நினைவில் ஆழப் பதிந்த பதிப்பு. அதற்கு முந்திய பதிப்புகளில், திரையில் சித்திரம் வரையும் பகுதியும் அச்சு யந்திர டிரைவர்களும் கர்னலுக்கு வெளியே, காவலுக்கு உட்பட்ட இடத்தில் இருந்தன. வேகத்தை முன்னிட்டு அவற்றைக் கர்னலுக்குள்ளேயே கொண்டு வந்தது 4.0. கட்லரின் ஆதித் திட்டத்தில் இருந்த பிரிவு இவ்விடத்தில் தளர்த்தப்பட்டதால், கணக்கர் மேசையிலுள்ள அச்சு யந்திரம் ஒன்றின் டிரைவரில் இருக்கும் சிறு பிழை, அலுவலகம் முழுவதற்குமான சர்வரைப் பிழையறிவிக்கும் நீலத்திரையில் நிறுத்திவிடும் சக்தி பெற்றது. ஐம்பது பேர், நூறு பேர் ஒரே சர்வரில் வந்து வேலை செய்யும் டெர்மினல் சர்வர் பதிப்பு 1998-இல் வந்தபோது இந்த விபரீதம் பன்மடங்காகப் பெருகியது. ஏனெனில் ஒவ்வொருவரும் தத்தம் மேசையின் அச்சு யந்திரத்துக்குரிய டிரைவரையும் அங்கே இழுத்து வந்தார்கள். அடுத்த பதிப்பான விண்டோஸ் 2000-இல் அச்சு டிரைவர்களுக்குக் கர்னலுக்கு வெளியே மீண்டும் இடம் வகுக்கப்பட்டது. 2003-இல் உள்ளிருந்து இயங்கும் பழைய வகை இயல்பாகவே தடை செய்யப்பட்டது. 2008-இல் அறவே விலக்கப்பட்டது. ஒரு வடிவமைப்பு முடிவைத் திருப்பிக்கொள்ளப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தின் சுமையை யார் சுமந்தார்கள் என்பதை எந்த நூலும் கணக்கிடவில்லை.

அதே 4.0-இல் பதிப்பு மாற்றத்தின் தொல்லைக்கும் பிரத்தியேகமான வடிவம் உண்டு. திருத்தங்களின் தொகுப்பான சர்வீஸ் பேக்கை நிறுவி முடித்த பின், ஏதேனும் ஒரு புதிய சேவையை மூலத் தகட்டிலிருந்து சேர்த்தால், அந்தத் தகட்டிலுள்ள பழைய கோப்புகள் புதியவற்றின்மேல் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே எதைச் சேர்த்தாலும் சர்வீஸ் பேக்கை மறுபடியும் நிறுவவேண்டும் என்பது தொழிலில் புகும் ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லித் தரப்பட்ட விதி. அவ்விதியை மறந்த சர்வர்கள் உடனே விழுவதில்லை. வாரக் கணக்கில் சரியாகவே ஓடிவிட்டு, சம்பந்தமில்லாத ஒரு வேளையில் விழும். 1999-இல் வந்த ஆறாம் சர்வீஸ் பேக், நிர்வாகி அல்லாத சாதாரணப் பயனர்கள் லோட்டஸ் நோட்ஸ் போன்ற நிரல்கள்மூலம் வலையில் இணைப்புக் கொள்ளவொட்டாமல் தடுத்துவிட்டது. நவம்பரில் 6ஏ என்ற திருத்திய பதிப்பு வந்தது. வெளிவந்ததும் நிறுவுவது அவிவேகம், நிறுவாமலே இருப்பது அபாயம் என்ற இரண்டுக்கும் நடுவே நாள் குறிக்கும் விவேகம் இத்தொழிலில் வேரூன்றியதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

உரிமத்தின் சரித்திரத்துக்கும் 4.0 ஓர் அபூர்வமான அத்தியாயத்தை அளித்தது. முறைமையை வாங்குவது ஒன்று, அதை அணுகும் ஒவ்வொருவருக்கும் அணுகல் உரிமம் வாங்குவது வேறு என்ற ஏற்பாடு 1994-இல் வந்த 3.5 பதிப்போடு தொடங்கியது. 'சர்வருக்கு இத்தனை பேர்' என்று எண்ணுவதா, 'இருக்கைக்கு ஒன்று' என்று எண்ணுவதா என்ற கேள்வியை நிறுவும்போதே கேட்பார்கள். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஒரே ஒரு முறை மாறலாம், திரும்பி வர இயலாது. நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து நிறுவிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர், நிறுவனத்தின் பல ஆண்டுச் செலவை நிர்ணயிக்கும் கேள்விக்கு விடையளித்துவிட்டு அடுத்த திரைக்குப் போனார். வொர்க்ஸ்டேஷன் என்ற மலிவான பதிப்பும் சர்வர் என்ற விலையுயர்ந்த பதிப்பும் அப்போது இருந்தன. முந்தியதில் ஒரே சமயத்தில் பத்துக்கு மேற்பட்ட இணைப்புகளை ஏற்கக்கூடாதென்பது உரிம நிபந்தனை. இரண்டும் வெவ்வேறு காரியங்களுக்காக வெவ்வேறு விதமாக ஆக்கப்பட்டவை என்று தயாரிப்பாளர் கூறிவந்தார். 1996-இல் மார்க் ருசினோவிச் முதலியோர் உள்ளே புகுந்து ஆராய்ந்து, இரண்டின் கர்னலும் ஒன்றே, அமைப்பு விவரங்களைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள சில மதிப்புகளே இது சர்வர், இது வொர்க்ஸ்டேஷன் என்று தீர்மானிக்கின்றன என்பதை நிரூபித்தார்கள். அந்த மதிப்புகளை யாரேனும் மாற்றுகிறார்களா என்று கண்காணித்து, மாற்றினால் பழையபடி எழுதிவிடும் காவல் ஒன்றும் கர்னலுக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது.

இதைத் தயாரிப்பாளரின் வஞ்சகம் என்று சொன்னவர்கள் அந்நாளில் உண்டு. எனக்கு அவ்வாறு சொல்லத் தோன்றவில்லை. ஒரே நிரல் இருவேறு நிபந்தனைகளின்கீழ் இருவேறு விலைக்கு விற்கப்படுவது மென்பொருளின் சுபாவத்திலேயே அடங்கியது. 1969-இல் விலை பிரிக்கப்பட்டபோதே அது விதையாக விழுந்துவிட்டது. ஆனால் பரிபாலகர் தம் யந்திரத்தில் எது யந்திர சக்தியின் எல்லை, எது உரிமத்தின் எல்லை என்று அறியும் உரிமை உடையவர் என்பதையும், அதை அறிவித்தவர்கள் அவருக்குப் பேருபகாரம் செய்தார்கள் என்பதையும் நான் உறுதியாகச் சொல்வேன். ருசினோவிச்சும் அவருடைய கூட்டாளி பிரைஸ் காக்ஸ்வெல்லும் அக்காலத்தில் எழுதி இலவசமாகக் கொடுத்த சிறுசிறு சோதனைக் கருவிகள், எந்தக் கோப்பை எந்த நிரல் தொடுகிறது, ரெஜிஸ்ட்ரியில் எந்த இடத்தை யார் தேடிக் காணாமல் திகைக்கிறார்கள் என்பதையெல்லாம் கண்முன் காட்டின. ஊகத்தால் நடந்துவந்த பழுது தேடல் பிரத்தியட்சப் பிரமாணத்தால் நடக்கலாயிற்று. 2006-இல் மைக்ரோசாப்ட் நிறுவனமே அவர்களுடைய நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

விண்டோஸ் 2000, 2003 காலத்துப் பரிபாலகர்களில் எஃப் 6 என்ற விசையை மறந்தவர் இருக்கமாட்டார். நிறுவும் நிரல் தொடங்கியதும் திரையின் அடியில் ஒரு வரி சில விநாடிகள் தோன்றும். தட்டுகளைக் கட்டியாளும் ரெய்டு அட்டையின் டிரைவர் தகட்டில் இல்லையானால், அந்த விநாடிகளுக்குள் எஃப் 6 விசையை அழுத்தி, பின்னர் கேட்கும்போது டிரைவர் உள்ள பிளாப்பியைச் செருக வேண்டும். தவறவிட்டால், தட்டே இல்லை என்று நிரல் சாதிக்கும். பிளாப்பிதான் வேண்டுமென்று முறைமை கேட்ட அதே ஆண்டுகளில், பிளாப்பி செருகும் வாயையே இல்லாமல் செய்து சர்வர்களை விற்கத் தொடங்கினார்கள் யந்திரத் தயாரிப்பாளர்கள். யாரும் தவறு செய்யவில்லை. ஆயினும் இருவரும் விட்டுப்போன இடைவெளியைப் பரிபாலகர் யு.எஸ்.பி. பிளாப்பி ஒன்றைப் பையில் சுமந்து நிரப்பினார், அல்லது டிரைவரைச் சேர்த்துத் தகட்டைத் தாமே புதிதாகச் சுட்டெடுத்தார். 2008 பதிப்பு வந்து, டிரைவரைக் குறுந்தகட்டிலிருந்தோ யு.எஸ்.பி. துண்டிலிருந்தோ ஏற்கலாம் என்றான பிறகே இத்துன்பம் ஓய்ந்தது.

பழைய சர்வரின் தட்டை அப்படியே வேறு யந்திரத்துக்கு மாற்றினால் 7பி என்ற எண்ணோடு நீலத்திரை வரும். எழுந்து நிற்கவேண்டிய தட்டையே அணுக முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். அதைத் தாண்டி எழுந்தாலும், புதிய வலையட்டைக்குப் பழைய ஐ.பி. முகவரியைக் கொடுக்கும்போது, அம்முகவரி ஏற்கெனவே வேறொரு அட்டைக்கு உரியது என்று முறைமை எச்சரிக்கும். அந்த வேறொரு அட்டையோ பழைய யந்திரத்தில் இருந்தது, இங்கே கிடையாது, சாதனப் பட்டியலிலும் தென்படாது. இல்லாத சாதனங்களையும் காட்டு என்று கட்டளை வரியில் ஒரு மாறியை அமைத்துவிட்டுப் பட்டியலைத் திறந்தால்தான் அது மங்கலாகத் தோன்றும். அதை நீக்கிய பிறகே முகவரி விடுபடும். மெய்யான யந்திரங்களை மெய்நிகர் யந்திரங்களாக மாற்றிய ஆண்டுகளில் இந்த அறிவு வாய்மொழியாகவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது.

சில்லறையில் விற்கும் பிரதிகளுக்கு, உரிமத்தைச் சரிபார்த்து உறுதிசெய்யும் ஆக்டிவேஷன் என்னும் முறை 2001-இல் விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு வந்து, 2003 சர்வருக்கும் நீண்டது. வலையில்லாத அறையில் இருந்தவர்கள் திரையில் தோன்றும் நீண்ட எண் வரிசையைத் தொலைபேசியில் ஒப்பித்து, மறுமுனையில் கூறப்படும் எண் வரிசையைப் பிழையின்றி எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. தாய்ப்பலகை பழுதாகி மாற்றினால் உரிமம் மீண்டும் ஐயத்துக்குள்ளாகும். யந்திரத்தின் பழுது இவ்வாறு உரிமத்தின் பழுதாகவும் மாறியது. 2008-இல், பெரிய நிறுவனங்கள் தமக்குள்ளேயே ஒரு சர்வரை ஆக்டிவேஷனுக்கென்று வைத்துக்கொள்ளும் கே.எம்.எஸ். ஏற்பாடு சர்வர்களுக்கும் வந்தது. அதனிடம் பெற்ற அனுமதி 180 நாள் செல்லும். குறைந்தது ஐந்து சர்வர்களாவது கேட்டாலொழிய அது யாருக்கும் அனுமதி தராது. மூன்றே சர்வர்கள் வைத்திருந்த சிறு அலுவலகங்களில் இந்த ஐந்தைக் கண்டுபிடிக்கப் பல நாட்களைச் செலவிட்டவர்கள் உண்டு.

இதைவிடக் கொடியது மதிப்பீட்டுப் பிரதியால் விளைந்தது. சோதித்துப் பார்க்கவென்று 180 நாளுக்கு இலவசமாகத் தரப்படும் பிரதியை அவசரத்துக்கு நிறுவி, அதையே மெய்யான வேலைக்கு வைத்துவிடுவார்கள். கெடு முடிந்ததும் அந்தச் சர்வர் மணிக்கொரு முறை தானாகவே அணைந்துபோகும். உரிமம் வாங்கி மாற்றலாம் என்றால், பயனர் கணக்குகளை ஆளும் டொமைன் கண்ட்ரோலராக இருக்கும் சர்வரில் அம்மாற்றத்தைச் செய்ய இயலாது. வேறொரு டொமைன் கண்ட்ரோலரை எழுப்பி, பொறுப்பை அதற்கு மாற்றி, இதை அப்பொறுப்பிலிருந்து இறக்கி, பிறகே மாற்றவேண்டும். மணிக்கொரு முறை அணையும் யந்திரத்தில் இத்தனையும் செய்து முடித்தவர்களின் சாமர்த்தியமும் பொறுமையும் சாமானியமல்ல.

டிரைவருக்குக் கையொப்பம் கேட்கும் வழக்கம் விண்டோஸ் 2000-இல் எச்சரிக்கையாகத் தொடங்கி, 64 பிட் பதிப்புகளில் கட்டாயமாயிற்று. முன்பின் அறியாதவர் எழுதிய நிரலைக் கர்னலுக்குள் விடுவதற்கு ஓர் அத்தாட்சி வேண்டுமென்பது நியாயமே. ஆனால் கையொப்பம் இன்னாருடையது என்பதைத்தான் அது சொல்லும், நிரல் நல்லதென்று சொல்லாது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நாசகார நிரலின் டிரைவர்கள், ரியல்டெக், ஜேமைக்ரான் என்னும் இரு தைவான் நிறுவனங்களிடமிருந்து களவுபோன சான்றிதழ்களால் கையொப்பமிடப்பட்டிருந்தன. 2021 ஜூலையில் 'பிரிண்ட் நைட்மேர்' என்று பெயர் பெற்ற குறையின் வழியாக, அச்சு டிரைவர் நிறுவும் பாவனையில் சர்வரின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. ஆகஸ்டில் வந்த திருத்தம், அச்சு டிரைவரை நிறுவ நிர்வாகி அதிகாரம் வேண்டும் என்று விதித்தது. அதன் விளைவாக, அதுவரை தாமாகவே அச்சு யந்திரத்தைச் சேர்த்துக்கொண்டிருந்த அலுவலர்கள் அனைவரும் மறுநாள் பரிபாலகரின் அறைவாசலுக்கு வந்தார்கள்.

லினக்ஸ் என்னும் முறைமை இவ்விஷயத்தில் வேறு வழியில் சென்றது. அங்கே டிரைவர்கள் கர்னலின் மூலத்தோடு சேர்ந்தே வாழவேண்டும் என்பது கொள்கை. வெளியே இருக்கும் டிரைவருக்காகக் கர்னலின் உட்புறம் மாறாதிருக்கும் என்ற உறுதி தரப்படுவதில்லை. ஒவ்வொரு டிரைவரும் தன் உரிமம் இன்னதென்று தானே அறிவிக்க வேண்டும். பொது உரிமத்தோடு ஒவ்வாததை ஏற்றினால் கர்னல் தன்னைக் களங்கப்பட்டதாகக் குறித்துக்கொள்ளும். அந்தக் குறியோடு பிழையை முறையிட்டால் ஆக்கியோர் செவிசாய்ப்பது அரிது. உரிமமும் டிரைவரும் இங்கே ஒரே வரியில் எழுதப்பட்டுவிட்டன. அங்கும் பதிப்பு மாற்றத்தின் தொல்லை ஒழிந்துவிடவில்லை: 2029 வரை திருத்தங்கள் வரும் என்று நம்பி லினக்ஸ் வகைகளுள் ஒன்றான சென்ட்ஓஎஸ் 8-க்கு மாறியவர்கள், அது 2021 இறுதியோடு முடிந்துவிடும் என்ற அறிவிப்பை 2020 டிசம்பரில் கேட்டார்கள்.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தை மைக்ரோசாப்ட் 2003 அக்டோபரில் தொடங்கியது. அமெரிக்க மேற்குக் கரையில் அது காலை பத்து மணி. நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. அயல்நாட்டு நிறுவனங்களின் சர்வர்களைச் சென்னையிலிருந்து காக்கும் இரவுப் பணியாளர்களுக்கு அந்த இரவு எப்பேர்ப்பட்டதென்பதைப் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். இத்தனை ஏற்பாடும் ஆதரவு உள்ள பதிப்புகளுக்கே உரியது. 2003 சர்வருக்கு ஆதரவு 2015 ஜூலை 14-ஆம் தேதி முடிந்தது. ஆனால் அதை நடத்திய பல யந்திரங்கள் அதன் 32 பிட் வடிவத்தில் இயங்கின. 2008 ஆர்2 முதல் 64 பிட் மட்டுமே என்றானதால், இருந்த இடத்திலேயே மாற்ற வழியில்லை, பழைய சாதனத்துக்கு 64 பிட் டிரைவரும் வரவில்லை, மாற்றாமலே விட்டார்கள். 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்னும் நாசகார நிரல் உலகெங்கும் பரவியபோது, ஆதரவு முடிந்து ஏறக்குறைய ஈராண்டு கடந்த அப்பதிப்புக்கும் விதிவிலக்காகத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

2024-ஆம் ஆண்டில் இச்சரித்திரத்தின் இழைகள் எல்லாம் ஒருசேர வந்து கூடின. ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர், தனக்கு அனுப்பப்பட்ட ஒரு தரவுக் கோப்பைப் படித்ததும் விழுந்து, தன்னோடு ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்களையும் வீழ்த்தியது. டிரைவர் சோதிக்கப்பட்டுக் கையொப்பம் பெற்றது. தரவுக் கோப்புக்கு அத்தகைய சோதனை கிடையாது. விழுந்த யந்திரங்களில் பலவற்றை வலை வழியாக எழுப்ப இயலாது. ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் ஏற்றி, தட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தட்டச்சு செய்து, அந்தக் கோப்பைக் கையால் நீக்கவேண்டியிருந்தது. விமான நிலையங்களில் திரைகள் அணைந்ததை உலகம் பார்த்தது. திரைக்குப் பின்னால் நாட்கணக்கில் யந்திரம் யந்திரமாக நடந்தவர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை.

அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி விண்டோஸ் சர்வர் 2025 பொது உபயோகத்துக்கு வந்தது. அடுத்த சில நாட்களில், 2022 பதிப்பை நடத்திவந்த பரிபாலகர்கள் சிலர் காலையில் வந்து பார்த்தபோது, தங்கள் சர்வர்கள் இரவோடிரவாக 2025-க்கு மாறியிருக்கக் கண்டார்கள். திருத்தங்களை நிறுவும் பிறர் கருவிகள் அதைச் சாதாரணத் திருத்தமென்று எடுத்துக்கொண்டுவிட்டன என்றது மைக்ரோசாப்ட். அது வகைப்படுத்தப்பட்ட விதமே பிழை என்றது மறுதரப்பு. புதிய பதிப்புக்கு உரிமம் தனியே வாங்கவேண்டும், அவர்கள் வாங்கியிருக்கவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பக் காப்புப் பிரதியிலிருந்து மீட்பதன்றி வேறு வழியும் இல்லை. விவாதம் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களிலேயே அவர்கள் எந்தக் காப்புப் பிரதி எந்த இரவைச் சேர்ந்தது என்று பட்டியல் எடுத்து, இடைப்பட்ட நேரத்தில் பயனர்கள் எழுதிய கோப்புகளைத் தனியே பிரித்து வைத்து, சர்வர்களை ஒவ்வொன்றாக 2022-க்கு மீட்டார்கள்.